பல் பட்ட இடம்

ஜூன் 10

இரண்டாம் ஷிஃப்ட் வாரம். மதியம் கிளம்புகிற நேரம் பார்த்துத் தென்றல் காலைக் கட்டிக்கொண்டாள். கம்பெனி பஸ் பிள்ளைப்பாக்கம் நிறுத்தத்தில் யாருக்காகவும் காத்திருக்காது. கதவுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பால் கொடுத்தேன். மூன்று வயதைத் தொடப்போகிற பிள்ளை. என் ஐடி கார்டை ஒரு கையால் திருகிக்கொண்டே குடிக்கிறாள்.

லீலா அக்கா பார்த்துவிட்டாள். என் வீட்டுக்காரர் சிவாவின் அண்ணன் மனைவி. மாமியார் இல்லாத வீட்டில் ஓரகத்திதான் மாமியார். நான் வேலைக்குப் போகும்போதெல்லாம் தென்றலைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அதனால் அவளுக்குப் பேச உரிமை உண்டு, அந்த உரிமையை அவள் துருப்பிடிக்க விடுவதும் இல்லை.

"இன்னா சசி, இன்னும் குடுத்துகினுதான் கீறியா? ரெண்டு வயசுக்கு மேல குடிச்சா அது பால் இல்ல, தண்ணி. புள்ள மந்தமாப் பூடும்."

மந்தமா? நேற்று டிவி ரிமோட்டை அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தது யாராம்? கேட்கவில்லை. "நிறுத்தணும்க்கா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு நல்ல நல்ல பதிலாக வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மாக்கள் வட்டத்துக்குப் போனேன். ஊர் எல்லையில் புதிதாக வந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஞாயிறு காலை கிளப் ஹவுஸில் கூடுவார்கள். குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேச்சு. நடத்துவது சந்திரலேகா மேடம், கணவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மேனேஜர். ஊர்க்காரிகளில் அங்கே போகிறவள் நான் ஒருத்திதான். அவர் என்னைக் கண்டுபிடித்ததே பஸ் நிழற்குடையில். துப்பட்டாவுக்குள் தென்றலுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். காரை நிறுத்தி இறங்கி வந்து, எவ்வளவு இயல்பாகக் கொடுக்கிறீர்கள், எங்கள் குரூப்புக்கு வாருங்களேன் என்றார்.

இன்று புதிதாக வந்தவர்களிடம் என்னை "இயற்கையான அம்மா" என்று அறிமுகப்படுத்தினார். கை தட்டினார்கள். பால் கொடுத்ததற்குக் கைதட்டல்! எங்கள் ஊரில் பசுமாட்டுக்குக்கூட யாரும் தட்டியதில்லை. ஆனாலும் பிடித்திருந்தது. இங்கே எதற்குப் பொய், ரொம்பவே பிடித்திருந்தது. கம்பெனி லைனில் நாள் பூராவும் சர்க்யூட் போர்டு போர்டாகப் பார்த்துத் தள்ளினாலும் யார் தட்டுகிறார்கள்?

அங்கே சில விதிகள். குழந்தையாக விடும்வரை பாலை நிறுத்தக் கூடாது. குழந்தையிடம் பொய் சொல்லக் கூடாது. கத்தக் கூடாது. குழந்தையிடம் "கூடாது" என்று சொல்லவே கூடாது.

தென்றல் அங்கே மரப்பொம்மைகளோடு விளையாடுகிறாள். அந்தப் பிள்ளைகள் பேசுவது போல "தேங்க்யூ ஆன்ட்டி" என்கிறாள். அதற்காகத்தான் போகிறேன். அதற்காக மட்டுமா?

வீட்டுக்கு வந்ததும் லீலா அக்கா கேட்டாள்: "நம்ம வேர்க்கடல காட்டுல வூடு கட்டிகினு, நமக்கே புள்ள வளக்கச் சொல்லித் தராங்களா?"

ஜூன் 19

விடியற்காலைத் தூக்கத்தில் தென்றல் நறுக்கென்று கடித்துவிட்டாள். உயிர் போய் உயிர் வந்தது. "கடிக்காதடி, அம்மாவுக்குப் புண்ணாயிடும்" என்று கத்திவிட்டேன். கத்தக் கூடாது. கத்தினேன். கண்ணைத் திறந்து பார்த்தாள், மறுபடி தூங்கிப்போனாள்.

சிவா எழுந்திருக்கவே இல்லை.

ஜூன் 24

ஆகஸ்டிலிருந்து எங்கள் லைனுக்கும் நைட் ஷிஃப்ட். பெண்கள் சம்மதம் எழுதிக் கொடுத்தால்தான், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றார் சூப்பர்வைசர். அவர் சொன்ன விதத்திலேயே கட்டாயம் தெரிந்தது. லைன் லீடராக என் பெயரும் பேச்சில் இருக்கிறது. நைட் வர மாட்டேன் என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடியும்.

ஆனால் தென்றல் பால் குடித்தால்தான் தூங்குவாள். இரண்டாம் ஷிஃப்ட் வாரங்களில் நான் வந்து சேரும்வரை லீலா அக்காவைத் தூங்க விடாமல் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருப்பாள். விடிய விடிய நான் இல்லாவிட்டால்?

"ஒண்ணு வேலைய வுடு, இல்ல பால நிறுத்து. ரெண்டு குதிரைல குந்திகினு எங்க போவ?" லீலா அக்கா சொல்வதில் தப்பு இல்லை. அதுதான் எரிச்சல்.

சிவாவிடம் கேட்டேன். உனக்கு எது சரின்னு படுதோ செய் என்றார். எவ்வளவு நல்ல மனிதர். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைவரை போய் வந்தாலே தெருவில் "தங்கமான அப்பன்" என்கிறார்கள். அவர் எப்படி வளர்க்கிறார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கம்பெனியில் ஓட்டுகிற, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டைப் பற்றி மட்டும்தான் கேட்கிறார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

வட்டத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று மெசேஜ் போட்டேன்.

லீலா அக்கா வேப்பிலையை மை போல அரைத்துக் கொடுத்தாள். தன் மூன்று பிள்ளைகளுக்கும் அவள் அப்படித்தான் பால் மறக்கடித்தாளாம். தடவிக்கொண்டேன். தென்றல் ஒரு வாய் வைத்தாள், உடம்பெல்லாம் சிலிர்த்தது, முகம் கோணியது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். எழுந்து போனாள். கொடியில் கிடந்த ஈரத் துண்டை இழுத்து வந்து, பொறுமையாகத் துடைத்துவிட்டு, குடித்தாள்.

மந்தமான பிள்ளை!

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை.

ஜூலை 4

கேன்டீனில் முத்துச்செல்வியிடம் சொன்னேன். லைனில் எனக்கு அடுத்த இடம் அவளுக்கு. சங்கரன்கோயில் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் இருக்கிறாள், கல்யாணம்கூட ஆகவில்லை. இருந்தாலும் யோசனை இல்லாத ஆள் இந்த நாட்டில் யார்?

"ஏக்கா, எங்க அக்கா லிப்ஸ்டிக்கைத் தேச்சிட்டு, புண்ணுன்னு சொல்லிட்டா. ஒரே நாளுல பிள்ள மறந்துட்டு. அழக்கூட இல்ல, பாத்துக்கிடுங்க."

ஜூலை 5

செய்துவிட்டேன்.

தம்பி கல்யாணத்துக்கு வாங்கிய லிப்ஸ்டிக். இரண்டு பக்கமும் தேய்த்து, மேலே குறுக்காகப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். தென்றல் வந்து மடியில் ஏறி நைட்டியின் ஜிப்பை இறக்கினாள். "அம்மாவுக்குப் புண்ணுடா. வலிக்குது" என்றேன்.

பார்த்தாள். ஒரு விரலால் தொடப் போய், தொடாமலே கையை எடுத்துக்கொண்டாள். குனிந்து ஊதினாள். பிறகு ஜிப்பைத் தானே மேலே இழுத்துவிட்டுப் பக்கத்தில் படுத்தாள்.

அழவே இல்லை. ஒரு பிடிவாதம், ஒரு முரண்டு? ஒன்றும் இல்லை. இவ்வளவு சுலபமா? அப்படியென்றால் இத்தனை நாளும் யாருக்கு வேண்டியிருந்தது, அவளுக்கா எனக்கா?

ஜூலை 8

மார் கல்லாகக் கட்டிக்கொண்டது. கையைத் தூக்க முடியவில்லை. லீலா அக்கா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. தெருமுனைக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கி வந்தாள், அறைக் கதவைச் சாத்திவிட்டு, பூவைப் பரப்பி வைத்துத் துணியால் அவளே இறுக்கிக் கட்டிவிட்டாள். பூ வைத்தால் பால் வற்றும்.

முடிச்சுப் போடும்போது, "எங்க அம்மா கட்டி வுட்டாங்க எனக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 9

லைனுக்குள் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. வாசலில் சோதிக்கிற அம்மா என் தொப்பியை இரண்டு முறை கழற்றச் சொன்னார். தலையில் பூ இல்லை. வாசனை மட்டும் அடிக்கிறது. கோட்டுக்குள் கட்டியிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? புது சோப்பு என்றேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். முத்துச்செல்வி திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

வட்டத்தில் இன்றைய பேச்சு, குழந்தையை ஏமாற்றாமல் இருப்பது எப்படி. வேப்பிலை, மிளகுத்தூள், புண் என்று பொய் சொல்வது, இதெல்லாம் குழந்தையின் நம்பிக்கையை உடைக்கும் வேலை என்றார் சந்திரலேகா மேடம். பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நம்ம சசி இதையெல்லாம் படிச்சு செய்யல, தானா செய்யறாங்க. இன்னும் கொடுக்கறீங்க இல்லையா சசி?"

எல்லா முகமும் என் மேல்.

"கொடுக்கறேன் மேடம்."

அந்த நேரம் பார்த்துத் தென்றல் தூரத்தில் ஊஞ்சலில் இருந்தாள். நல்லவேளை. நல்லவேளையா? பெற்ற பிள்ளை பக்கத்தில் இல்லாதது நல்லவேளை என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கழுத்தையா பிடித்துத் தள்ளப்போகிறார்கள்? ஆனால் அந்தக் கைதட்டல் எனக்குப் பால் கொடுத்ததற்காகக் கிடைத்தது. பாலும் இல்லை என்றால் நான் அங்கே யார், பத்து வருடமாக யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறவள்.

ஜூலை 21

லீலா அக்கா முறுக்கு சுட்டாள். சூடாக எடுக்கும்போதே அடுப்படியில் நின்று இரண்டு கைக்கும் கேட்கிற பிள்ளை, இன்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பொம்மைக்குக் கொடுத்துவிட்டாள்.

பல் வலியோ என்று பார்த்தேன். எல்லாப் பல்லும் அரிசி மாதிரி இருக்கிறது.

ஜூலை 28

இட்லியைப் பாலில் ஊறவைத்தால்தான் உள்ளே போகிறது. சப்பாத்தி தொடுவதில்லை. ஆப்பிள், வேர்க்கடலை, பிஸ்கட், எதுவும் இல்லை. கஞ்சி, மோர் சாதம், பிசைந்த வாழைப்பழம். ஆறு மாதக் குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டுகிறேன்.

ஆகஸ்ட் 5

நைட் ஷிஃப்ட் ஆரம்பித்துவிட்டது. சிவா பக்கத்தில் படுத்துத் தூங்கிவிடுகிறாளாம். தொந்தரவே இல்லை என்கிறார். காலையில் நான் வந்ததும் ஓடி வருகிறாள், ஆனால் முன் போல மேலே வந்து விழுவதில்லை. ஒரு அடி தள்ளி நின்று, என் நெஞ்சைப் பார்த்து, பிறகு மெதுவாகக் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள்.

எதற்கு அப்படிப் பார்க்கிறாள்? பாலுக்கு ஏங்கியா?

ஆகஸ்ட் 9

ஸ்ரீபெரும்புதூரில் டாக்டரிடம் காட்டினோம். வாய், தொண்டை, காது எல்லாம் சரியாக இருக்கிறது. எடை மட்டும் இறங்கியிருக்கிறது. "வீட்டில் ஏதாவது மாற்றம் உண்டா?" என்று கேட்டார். நைட் ஷிஃப்ட் என்றார் சிவா, என்னைப் பார்த்து. டாக்டரும் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 14

ஆளுக்கு ஒரு காரணம்.

லீலா அக்கா: அடுக்குமாடிக்காரர்கள் கண்ணு. சுத்திப் போட்டு மிளகாய் வெடித்தாள், வீடெல்லாம் தும்மல்.

சந்திரலேகா மேடம் போனில் நிதானமாகச் சொன்னார். "பயப்படாதீங்க சசி, தாய்ப்பால் போயிட்டிருக்கு இல்ல, சத்துக்குக் குறை வராது. அவளா கேக்கறப்ப சாப்பிடட்டும்."

ஆமாம் மேடம் என்றேன். போகாத பாலை நம்பி அவர் தைரியம் சொல்கிறார், அந்தத் தைரியத்தை நானும் வாங்கிக்கொள்கிறேன். என்ன பொம்பளை நான்? இங்கே ஒரு கதை, அங்கே ஒரு கதை. ஒருத்தரிடமாவது நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனே. இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

ஆகஸ்ட் 23

இன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை.

ஒரு துண்டு கேரட். வேகவைத்ததுதான், ஆனால் கடிக்க வேண்டிய அளவு. வாங்கவில்லை. கெஞ்சினேன், பாட்டுப் பாடினேன். பிறகு என்னவோ ஏறிவிட்டது. தாடையைப் பிடித்து அழுத்தி வாய்க்குள் திணித்துவிட்டேன். தின்னுடி, தின்னுத் தொலை, உன்னால எல்லார் வாயிலயும் விழறேன் — நானா இப்படிப் பேசினேன்? மூணு வயசுப் பிள்ளைகிட்டயா?

துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள். வாயிலிருந்து அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். முழுசாக இருந்தது.

"கடிக்கலம்மா" என்றாள்.

ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டு வந்த மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைச் சீண்டுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் தென்றலுக்கு மொட்டையும் காதுகுத்தும். ஒரே மூச்சாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடுவேன்.

மொட்டை போட்டுச் சந்தனம் தடவிய பிறகு, என் தம்பி ஸ்ரீதர் மடியில் உட்காரவைத்தோம். சந்திரலேகா மேடமும் வந்திருந்தார். சடங்கைப் பார்க்க வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டுக் கேட்டார், நான் எப்படி வேண்டாம் என்பது? காலையிலிருந்து அவரையும் லீலா அக்காவையும் ஒரே இடத்தில் நிற்க விடாமல் ஓடிக்கொண்டிருந்தேன். ஒருத்தரைத் தேங்காய் வாங்க அனுப்பினேன், இன்னொருத்தரை மயில் காட்டக் கூட்டிப்போனேன்.

பத்தர் முதல் காதைக் குத்தினார். வீல் என்று அலறினாள். இரண்டாவது காது குத்தும்போது மூச்சே நின்றுவிடும் போல இருந்தது. ஸ்ரீதர் தூக்கி என்னிடம் கொடுத்தான். அழுகை நிற்கவில்லை.

"ஃபீட் பண்ணுங்க சசி, உடனே சமாதானம் ஆயிடுவா. நாங்க மறைச்சு நிக்கறோம்" என்றார் சந்திரலேகா மேடம்.

"இன்னாத்த குடுக்கறது? பால் மறந்து ரெண்டு மாசம் ஆவப்போவுதே" என்றாள் லீலா அக்கா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதான் இத்தனை நாளும் ஓடினேன். ஆனால் அது வந்தபோது அதை நினைக்கக்கூட நேரம் இல்லை.

தென்றல் காதைத் தடவிய விரலில் சொட்டு ரத்தம். அழுகையை நிறுத்திவிட்டு அந்த விரலை உற்றுப் பார்த்தாள். என் நெஞ்சைப் பார்த்தாள். திரும்ப விரலைப் பார்த்தாள்.

"அம்மாவ நான் கடிச்சேன். அம்மாவுக்குப் புண்ணு. என்ன யாரும்மா கடிச்சா?"

விரலை என் தோளில் துடைத்தாள்.

"நான் இப்பல்லாம் கடிக்கறதே இல்லம்மா" என்றாள்.

அடிப்பாவி. அடிப்பாவி நானே. ரெண்டு மாசமா எம் பிள்ள பசியோட இருந்தது எனக்காக. முறுக்கக் கடிச்சா அதுக்குப் புண்ணாயிடும், ஆப்பிளக் கடிச்சா அதுக்கு வலிக்கும், கடிச்சாலே யாருக்கோ ரத்தம் வரும்னு அந்தச் சின்ன மண்டைக்குள்ள — அந்தக் கேரட்டை அடக்கி அடக்கி வச்சிருந்து எடுத்துக் காட்டினாளே. நல்ல பிள்ளைன்னு சொல்லுவேன்னு நின்னாளே. நான் முகத்தத் திருப்பிக்கிட்டேனே.

கோயில் தரையில் அப்படியே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். யார் பார்த்தார்கள் என்று தெரியாது. மேடம் எப்போது கிளம்பினார் என்றும் தெரியாது.

செப்டம்பர் 1

லீலா அக்காவின் யோசனை: "முருகன் ஆத்திட்டார்னு சொல்லிடேன். புள்ள நம்பும்." நம்பும்தான். அதுதான் பயமாக இருக்கிறது. நான் எதைச் சொன்னாலும் நம்புகிற பிள்ளை.

சந்திரலேகா மேடத்திடமிருந்து மெசேஜ் இல்லை. இருந்தால், உட்காரவைத்து விளக்கிச் சொல்லுங்கள் என்பார். மூன்று வயதுக்கு எதை விளக்குவது?

இன்று லீவ் போட்டேன். அந்த லிப்ஸ்டிக்கையும் பிளாஸ்திரியையும் எடுத்து வந்து தென்றலுக்கு எதிரே உட்கார்ந்தேன். என் நெஞ்சைத் திறந்து காட்டினேன். ஒன்றும் இல்லை என்று பார்த்தாள். பிறகு அவள் கண் முன்னாலேயே லிப்ஸ்டிக்கைத் தேய்த்தேன். பிளாஸ்திரியை ஒட்டினேன். அவள் முகம் அப்படியே சுருங்கியது. பிளாஸ்திரியைப் பிய்த்து, ஈரத் துண்டால் துடைத்தேன். போய்விட்டது.

"புண்ணு இல்லடா. இதுதான். அம்மா பொய் சொன்னேன். நீ கடிச்சதால ஒண்ணும் ஆகல."

துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். லிப்ஸ்டிக்கை என் கையிலிருந்து வாங்கித் திருகித் திருகிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

செப்டம்பர் 3

வீடு முழுக்கப் புண். பொம்மைக்கு, சிவாவின் முட்டிக்கு, ஃபிரிட்ஜுக்கு, லீலா அக்காவின் குதிகாலுக்கு. லிப்ஸ்டிக் தேய்ப்பாள், "வலிக்குதா?" என்று கேட்பாள், ஈரத் துண்டால் துடைத்துவிட்டு "போச்சு" என்பாள். லீலா அக்கா வேலையெல்லாம் விட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "வலிக்குதுடி, நல்லாத் தொடச்சி வுடு" என்கிறாள்.

சாப்பாடு இன்னும் கஞ்சிதான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

போவதா வேண்டாமா என்று காலை பூராவும் வாசலுக்கும் அறைக்கும் நடந்தேன். போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சிரித்தார்கள், நாற்காலி நகர்த்திப் போட்டார்கள். சந்திரலேகா மேடம் மருந்தில்லாத காய்கறித் தோட்டம் பற்றிப் பேசினார்.

கைக்குழந்தையோடு புதிதாக வந்திருந்த ஒரு பெண், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் என்னிடம் கேட்டாள், நீங்கள் எப்படிப் பாலை நிறுத்தினீர்கள் என்று. தோட்டப் பேச்சு நின்றது.

சொன்னேன். வேப்பிலை, லிப்ஸ்டிக், மல்லிகைப்பூ, இங்கே வந்து சொன்ன பொய், கேரட், கோயில், எல்லாம். எதையும் விடவில்லை. மேடம் நடுவில் எழுந்து தண்ணீர் எடுத்து வரப் போனார். வந்து டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் இல்லை. அந்தப் புதுப் பெண் மட்டும், இப்போது சாப்பிடுகிறாளா என்று கேட்டாள்.

இன்னும் இல்லை என்றேன்.

செப்டம்பர் 11

என் கையை நீட்டி, "கடி பாக்கலாம்" என்றேன். முத்தம் கொடுத்துவிட்டு ஓடிப்போனாள்.

செப்டம்பர் 15

காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது லீலா அக்கா நிறுத்தத்தில் நின்றிருந்தாள். பயந்துபோனேன். கடைக்கு வந்தாளாம். கூடவே நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள், வேப்பிலைக்கெல்லாம் அவளுடைய பெரியவன் மசியவே இல்லையாம். கடைசியில் அவனை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து, ஒரு வாரம் இங்கே மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுதாளாம். "எல்லாரும் வேப்பிலைன்னாங்க, நானும் வேப்பிலைன்னேன்" என்றாள்.

வீடு வந்தது. அவள் சமையலுக்குப் போனாள், நான் தூங்கப் போனேன். தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 20

சாயங்காலம் சிவா நாயாகத் தவழ, தென்றல் குட்டி நாயாகத் துரத்தினாள். நான் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். குரைத்துக்கொண்டே வந்தவள், மேலே விழுந்து, என் இடது கை மணிக்கட்டுக்கு மேலே நறுக்கென்று ஒரு கடி.

"ஆ" என்று வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

அப்படியே உறைந்துபோனாள். சிவாவும் தவழ்ந்த நிலையிலேயே நின்றார். தென்றல் என் கையைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பாக ஒரு வளையம், ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக. கொடியிலிருந்து துண்டை எடுத்து வந்து துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள்.

"போகலம்மா" என்றாள். உதடு பிதுங்கியது.

வலிக்கவே இல்லை என்று சொல்லத்தான் வாய் போனது. நுனி நாக்கில் இருந்தது.

"போகாது. நிஜமாவே கடிச்சிருக்க இல்ல? வலிக்குது. கொஞ்ச நேரம் வலிக்கும், அப்புறம் போயிடும். இரு, பாக்கலாம்."

இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். நடுநடுவே ஊதினாள். வெளியே ஷிஃப்ட் முடிந்த பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. வளையம் மெல்ல மெல்ல வெளுத்தது. "குட்டியாச்சு" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப வலிக்குதா?" என்றாள். யோசித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சூண்டு என்றேன். என் கையை மடியில் திரும்ப வைத்துவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தம். மறுபடியும்.

"மெதுவா தின்னுடி, யாரும் புடுங்க மாட்டாங்க" என்றாள் லீலா அக்கா. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

சிவா என்னவோ சொல்ல வாயெடுத்தார். சும்மா இருங்கள் என்று கை காட்டினேன். அந்த முறுக்கு முடிகிறவரை இருவரும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

செப்டம்பர் 21

இன்று ஞாயிறு ஓவர்டைம். லைனில், போர்டில் மின்சாரம் பாயாமல் இருக்க மணிக்கட்டில் கட்டும் ஸ்டாட்டிக் பட்டையை மாட்டும்போது பல் தடம் மங்கலாக இன்னும் இருந்தது. எது கடித்தது என்று முத்துச்செல்வி கேட்டாள். என் பெண் என்றேன். பட்டையைக் கொஞ்சம் மேலே தள்ளி மாட்டிக்கொண்டு முதல் போர்டை எடுத்தேன்.